விளையாடுவோரே படைப்போர்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கணினி விளையாட்டு. இப்பெயரைக் கேட்டவுடனே முன்வரிசையிலுள்ள பெரியோர் சிலரின் நெற்றி சுருங்குவதையும், பின்வரிசையிலுள்ள நண்பர் சிலரின் முகம் மலர்வதையும் நாம் காணாமலில்லை. கணினி விளையாட்டு நல்லதா கெட்டதா என்று தீர்ப்புக் கூற நாம் இங்கு வரவில்லை. அதனைப் பட்டிமன்றத்துக்கு விட்டுவிடுவோம். அவ்விளையாட்டுகளை ஆக்கி விற்கும் கொம்பனிகள் செய்துவரும் விநோதமான காரியம் ஒன்றையே இன்று ஆராயப் புகுகின்றோம்.

அக்காரியம் யாதெனிற் கூறுவோம். எந்த வியாபாரியும் தன் தொழில் இரகசியத்தை மறைத்தே வைப்பான். பட்டறைக் கதவைத் திறந்து, வாங்க வந்தவனையே உள்ளே அழைத்து, உளியையும் சுத்தியலையும் அவன் கையிற் கொடுத்து, "உனக்கு விருப்பமானதை நீயே செய்துகொள்" என்று சொல்லும் வியாபாரியை நாம் எங்கும் கண்டதில்லை. ஆனால் பெயர்பெற்ற விளையாட்டுக் கொம்பனிகள் பல இதனையே செய்கின்றன. தாம் விளையாட்டை ஆக்கப் பயன்படுத்திய கருவிகளையே விளையாடுவோரிடம் கொடுத்துவிடுகின்றன. இஃது ஏன்? தருமமா, தந்திரமா? இவ்வாறு கொடுத்துவிட்ட கொம்பனி அதன்பின் சும்மா இருந்து பிழைக்க முடியுமா? செய்து கொடுத்தவனுக்குக் கிடைப்பது என்ன? இக்கேள்விகளுக்கு விடை காண முயல்வோம்.

முதலில் ஒரு சிறு விளக்கம் வேண்டும். கணினி விளையாட்டு ஒன்றில் இரண்டு கூறுகள் உண்டு. படத்தைத் திரையில் வரைவது, ஒலியை எழுப்புவது, பொருள்கள் விழுவதையும் மோதுவதையும் கணிப்பது முதலிய வேலைகளைச் செய்வது ஒரு கூறு. இதனை 'எஞ்சின்' என்பர். அறைகள், வீதிகள், பாத்திரங்கள், ஆயுதங்கள், கதை என்பன மற்றைய கூறு. நம் நாட்டுக் கூத்தைக்கொண்டு சொல்வதானால், முன்னையது களரியும் மத்தளமும் போன்றது. பின்னையது ஏடும் வேடமும் போன்றது. ஒரே களரியிற் பல கூத்துகள் ஆடலாமன்றோ? அவ்வாறே ஒரே எஞ்சினைக்கொண்டு பல விளையாட்டுகள் ஆக்கலாம். விளையாடுவோர் தாமே செய்து சேர்க்கும் மாற்றத்தை ஆங்கிலத்தில் 'மொட்' என்று சுருக்கமாகச் சொல்வர். சொல் சிறிதாதலின் நாமும் அதனையே வழங்குவோம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இட் சொப்ட்வெயர் என்றொரு சிறு கொம்பனி இருந்தது. 1992 ஆம் ஆண்டில் அது 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதனை மாற்றியமைக்க எந்த வசதியும் கொடுக்கப்படவில்லை. எனினும் சில வாலிபர் அதன் உட்கோப்புகளைக் குடைந்து பார்த்து, பழைய அறைகள் இருந்த இடத்திற் புதிய அறைகளையும், பழைய பகைவர் நின்ற இடத்தில் வேடிக்கையான உருவங்களையும் புகுத்திவிட்டனர். வேறொரு கொம்பனியாயின் வழக்குரைஞரை நாடியிருக்கும். ஆனால் அக்கொம்பனியின் தலைமை நிரலாளரான ஜோன் கார்மக் இதனைக் கண்டு மகிழ்ந்தார்.

அவர் அடுத்த விளையாட்டை அமைத்தபோது, எஞ்சினை ஒருபுறமும் அறைகள், உருவங்கள், ஒலிகள் அனைத்தையும் 'வாட்' என்னும் தனிக்கோப்புகளில் மறுபுறமுமாகப் பிரித்து வைத்தார். இதனால், வாங்கிய விளையாட்டைக் கெடுக்காமலே அதன்மேல் புதிய கோப்பொன்றை ஏற்றி ஆடலாம். அவ்விளையாட்டே 1993 டிசம்பர் 10 ஆம் நாள் வெளிவந்த 'டூம்'. அதன் முதற்பகுதி யாவர்க்கும் இலவசமாகக் கிடைத்தது. அடுத்த ஆண்டிலேயே, புதிய கட்டங்களை வரைவதற்கான கருவியை விளையாடுவோரே ஆக்கி இணையத்தில் விட்டனர். பல நாடுகளிலிருந்தும் புதிய கட்டங்கள் வந்து குவிந்தன.

1996 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. விளையாடுவோர் குழுவொன்று இலவசமாக வெளியிட ஆயத்தஞ் செய்திருந்த கட்டங்களை அக்கொம்பனி விலைகொடுத்து வாங்கிற்று. சகோதரர் இருவர் ஆக்கிய மற்றொரு தொகுதியையும் அதனோடு சேர்த்து 'ஃபைனல் டூம்' என்னும் பெயரில் விற்பனைக்கு விட்டது. நேற்று வாங்கி ஆடியவன் இன்று ஆக்கி விற்றான் என்பதே இதன் பொருள். 1997 இல் டூமின் மூலநிரலையே அக்கொம்பனி வெளியிட்டது. 2019 இல், அவ்விளையாட்டைப் படைத்தவருள் ஒருவரான ஜோன் ரொமேரோ, பழைய டூமுக்கென்று புதிய கட்டங்கள் சிலவற்றை ஆக்கி இலவசமாக வழங்கினார். கொம்பனியை விட்டு விலகி இருபது ஆண்டுகளுக்கு மேற்சென்ற பின்னர், படைத்தவரே விளையாடுவோர் வரிசையில் வந்து நின்றார். விற்பனைக்கு வந்து முப்பது ஆண்டு கடந்தும் ஒரு பண்டம் உயிரோடிருப்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்வாறு கதவைத் திறப்பதனாற் கொம்பனிகள் பெறும் நன்மைகளை மூன்றாக வகுத்துக் கூறலாம்.

முதலாவது நன்மை நீண்ட ஆயுள். பெரிய விளையாட்டொன்றை ஆக்க நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருக்கிறது. வாங்கியவனோ சில நாட்களில் அதனை ஆடி முடித்துவிடுகிறான். முடித்தவன் அதனை மறந்து அடுத்ததை நாடுகிறான். கொம்பனி எவ்வளவு விரைந்து உழைத்தாலும் ஆடுவோரின் பசிக்கு ஈடுகொடுக்க முடியாது. ஆனால் ஆடுவோருள் ஆயிரத்தில் ஒருவன் படைப்போனாக மாறினாலும் மற்றையோருக்குப் புதிய விருந்து கிடைத்துக்கொண்டே இருக்கும். அவ்விருந்தை உண்ண வேண்டுமாயின் மூல விளையாட்டை வாங்கியிருத்தல் வேண்டும். இங்கேதான் வியாபாரத்தின் சூட்சுமம் இருக்கிறது. செக் நாட்டுக் கொம்பனியாகிய பொஹீமியா இன்டரக்டிவ் 2009 இல் 'ஆர்மா 2' என்னும் போர் விளையாட்டை வெளியிட்டது. அது சிலர் மாத்திரம் விரும்பிய கடினமான விளையாட்டு. 2012 இல் நியூசீலாந்தரான டீன் ஹோல் அதற்கு 'டேய்சீ' என்றொரு மொட் செய்தார். மொட் இலவசம், ஆயினும் அதனை ஆட ஆர்மா 2 வேண்டும். மூன்று ஆண்டு பழையதான அப்பண்டம் மீண்டும் விற்பனைப் பட்டியலின் மேலிடத்துக்கு ஏறிற்று. கொம்பனி ஒரு சதமும் செலவிடாமற் கிடைத்த விளம்பரம் அது.

இரண்டாவது நன்மை புதுமை. பெரிய முதலீடு செய்தவன் பரீட்சை செய்ய அஞ்சுவான். பல கோடி டொலரை இட்டபின் முன்பு விற்ற வகையையே மீண்டும் விற்கப் பார்ப்பான். தன் அறையிலிருந்து மொட் செய்யும் மாணவனுக்கோ இழப்பதற்கு ஒன்றுமில்லை. அவன் செய்யும் நூறு முயற்சிகளில் தொண்ணூற்றொன்பது வீணானாலும் ஒருவருக்கும் நட்டமில்லை. மிஞ்சிய ஒன்று உலகத்தையே கவர்ந்துவிடலாம். வால்வ் என்னும் அமெரிக்கக் கொம்பனி 1998 இல் 'ஹாஃப் லைஃப்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டு மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்னும் இரு மாணவர் அதற்கு 'கவுண்டர் ஸ்ட்ரைக்' என்ற மொட்டைச் செய்தனர். இரு அணிகள், ஒன்று குண்டு வைக்கும், மற்றையது தடுக்கும், இறந்தவன் அச்சுற்று முடியுமட்டும் பார்த்திருக்க வேண்டும். விதி இவ்வளவே. 2000 ஆம் ஆண்டில் வால்வ் அதன் உரிமையை வாங்கி, செய்தவருக்கும் வேலை கொடுத்தது. 2023 இல் அதன் புதிய பதிப்பு 'கவுண்டர் ஸ்ட்ரைக் 2' என வெளிவந்தது. மாணவர் இருவரின் ஓய்வுநேர வேலை இருபத்துநான்கு ஆண்டுகளின் பின்னரும் அக்கொம்பனிக்குச் சோறு போட்டது.

நம் ஊர்ப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஆடும் 'பப்ஜி'யின் வரலாறும் இத்தகையதே. அதனை எண்ணியவர் பிரெண்டன் கிரீன் என்னும் அயர்லாந்துக்காரர். அவர் எந்த விளையாட்டுக் கொம்பனியிலும் பயின்றவரல்லர். நாம் மேலே கூறிய டேய்சீ மொட்டை ஆடியவர், அதற்கு மேலும் ஒரு மொட் செய்தார். பலர் ஒரு நிலத்தில் இறங்குவர். ஆடுகளம் வரவரச் சுருங்கும். இறுதியில் ஒருவரே எஞ்சுவார். இவ்வெண்ணத்தைக் கொரிய நாட்டுக் கொம்பனியொன்று ஏற்று, அவரையே அழைத்து, 2017 மார்ச்சில் விளையாட்டாக வெளியிட்டது. ஆர்மாவிலிருந்து டேய்சீ, டேய்சீயிலிருந்து பப்ஜி. ஒரு கிளையிலிருந்து மறுகிளை.

மூன்றாவது நன்மை ஆட்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது கொம்பனிகள் சான்றிதழைப் பார்க்கின்றன. சான்றிதழோ ஒருவனது திறமையை முற்றாகக் காட்டாது. மொட் செய்தவன் தன் திறமையை ஏற்கெனவே உலகத்துக்குக் காட்டிவிட்டான். வால்வ் கொம்பனி தன் தொடக்க காலத்திலேயே இதனை உணர்ந்தது. 'ஃபைனல் டூம்' கட்டங்களை ஆக்கிய சகோதரருள் ஒருவரான டாரியோ கசாலி அங்கே பணிபெற்றார். அவுஸ்திரேலியாவில் 'டீம் ஃபோர்ட்ரஸ்' என்னும் மொட்டைச் செய்த ரொபின் வோக்கர், ஜோன் குக் என்போரும் 1998 இல் அங்கே சேர்ந்தனர்.

இம்மூன்று நன்மைகளையும் கேட்ட நண்பர் ஒருவர், "அப்படியாயிற் கொம்பனி கருவியைக் கொடுத்துவிட்டுக் கால்நீட்டி உறங்கலாமே! ஊரார் உழைப்பார்கள், கொம்பனி உண்ணும்" என்று கருதலாம். உறங்கியவர் கண்ட பலனை இனிச் சொல்வோம்.

பிளிசார்ட் என்பது அமெரிக்காவின் பெரும் விளையாட்டுக் கொம்பனிகளுள் ஒன்று. 2002 இல் அது 'வோர்கிராஃப்ட் 3' என்னும் விளையாட்டை வெளியிட்டபோது, அதனுடன் களங்களை அமைக்கும் சிறந்த கருவியொன்றையும் இணைத்துக் கொடுத்தது. மூல விளையாட்டில் ஒருவர் ஒரு படையையே நடத்துவார். விளையாடுவோர் இக்கருவியைக்கொண்டு 'டோட்டா' என்னும் புதிய ஆட்டத்தை அமைத்தனர். இதில் ஒவ்வொருவரும் ஒரேயொரு வீரனை மாத்திரம் நடத்துவர். ஐவர் ஓரணியாக நின்று எதிரணியின் கோட்டையைத் தகர்க்க வேண்டும். ஒருவர் தொடங்கினார், வேறொருவர் திருத்தினார், மற்றொருவர் ஆண்டுக்கணக்காக அதனைப் பேணினார். ஆடுவோர் தொகை பெருகிற்று. மூல விளையாட்டை மறந்து இதனை மாத்திரம் ஆடியோரும் பலர்.

இத்தனையும் பிளிசார்ட்டின் வீட்டுமுற்றத்திலேயே நிகழ்ந்தது. அஃது என்ன செய்தது? பார்த்துக்கொண்டிருந்தது. றயட் கேம்ஸ் என்னும் புதிய கொம்பனி, டோட்டாவைப் பேணியவருள் ஒருவரான ஸ்டீவ் ஃபீக்கைச் சேர்த்துக்கொண்டு, 2009 ஒக்டோபரில் 'லீக் ஒஃப் லெஜென்ட்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதே ஆண்டில், 'ஐஸ்ஃப்ரொக்' என்னும் புனைபெயரால் மாத்திரம் அறியப்பட்ட மற்றவரை வால்வ் அழைத்துக்கொண்டது. 2013 இல் 'டோட்டா 2' வெளிவந்தது. 2021 இல் நடைபெற்ற டோட்டா 2 உலகப் போட்டியின் பரிசுத்தொகை மாத்திரம் 4 கோடி டொலரைத் தாண்டியது. பிளிசார்ட் விழித்தெழுந்து பெயருரிமை கேட்டு வழக்காடிற்று. 2012 இல் இரு பகுதியினரும் இணங்கி, டோட்டா என்னும் பெயரை வியாபாரத்தில் வழங்கும் உரிமை வால்வுக்கே போயிற்று. பிளிசார்ட் அவ்வகையிற் செய்த தன் சொந்த விளையாட்டு 2015 இலேயே கடைக்கு வந்தது. அதற்குள் சந்தை நிரம்பிவிட்டது. 2018 டிசம்பரில், அவ்விளையாட்டுக்காக உழைத்தோரிற் பலரை வேறு பணிகளுக்கு மாற்றுவதாகவும் அதன் போட்டித் தொடரை நிறுத்துவதாகவும் அக்கொம்பனியே அறிவித்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். விளையாட்டின் நிரலுக்கும் படங்களுக்கும் பதிப்புரிமை உண்டு. விளையாட்டின் விதிக்கு அவ்வுரிமை பொதுவாக இல்லை. கிளித்தட்டு யாருக்குச் சொந்தம்? நிலத்திற் கோடு கீறி ஆடத் தெரிந்த எல்லோருக்கும் சொந்தம். அவ்வாறே ஐவர்க்கு ஐவர் கோட்டை தகர்க்கும் ஆட்டத்தையும், ஒருவர் எஞ்சுமட்டும் போராடும் ஆட்டத்தையும் யாரும் வேலியடைத்து வைத்துக்கொள்ள முடியாது. பப்ஜி வெளிவந்த ஆறே மாதத்தில், அதாவது 2017 செப்டெம்பரில், எபிக் கேம்ஸ் என்னும் கொம்பனி தனது 'ஃபோர்ட்நைட்' விளையாட்டில் அதே வகை ஆட்டத்தைச் சேர்த்து இலவசமாக விட்டது. அத்துடன் நில்லாது, 2018 இல் விளையாடுவோர் தாமே தீவுகளை அமைக்கும் வசதியையும், 2023 இல் தன் எஞ்சினின் கருவிகளையும் அவர்களுக்குத் திறந்துவிட்டது. எண்ணம் காற்றிற் பறக்கும் வித்து. அதை முதலில் நிலத்திலிட்டு நீரூற்றுபவனுக்கே விளைவு கிடைக்கும். ஆகவே கருவி கொடுத்தவன் தான் கொடுத்த கருவியால் என்ன முளைக்கிறது என்று நாள்தோறும் பார்த்திருக்கவும், முளைத்ததை ஏற்கவும், தானும் புதுமை செய்யவும் வேண்டியவனாகிறான்.

புதுமை செய்யாதவனுக்கு ஆடுவோரின் படைப்பும் உதவாது என்பதற்கு இன்னுமோர் உதாரணம் உண்டு. 2005 இல் 'கிட்டார் ஹீரோ' என்னும் விளையாட்டு வெளிவந்தது. பிளாஸ்டிக் கிட்டார் ஒன்றைக் கையிற் பிடித்துத் திரையில் வரும் நிறங்களுக்கேற்ப அமுக்கவேண்டும். உலகம் அதில் மயங்கிற்று. 2007 இல் வந்த மூன்றாம் பாகம் 100 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. 2008 இல் வந்த பாகத்தில் ஆடுவோர் தாமே இசையமைத்துப் பிறருக்கு வழங்கும் வசதியும் இருந்தது. ஆனால் அதனை வெளியிட்ட அக்டிவிஷன் கொம்பனி அடிப்படை ஆட்டத்தை மாற்றாமல் பாட்டுகளை மாத்திரம் மாற்றி மாற்றி விற்றது. 2009 ஆம் ஆண்டில் மாத்திரம் அப்பெயரிலும் அதனையொட்டிய பெயர்களிலும் ஐந்துக்கு மேற்பட்ட பெட்டிகள் கடைக்கு வந்தன. மக்கள் சலித்தனர். 2011 பெப்ரவரியில் அத்தொழிற்பிரிவையே கொம்பனி மூடிவிட்டது. ஆறு ஆண்டுக்குள் எழுச்சியும் வீழ்ச்சியும் முடிந்தன.

இதற்கு மாறாகச் சுவீடன் நாட்டில் மார்கஸ் பெர்சன் என்பவர் 2009 இல் தொடங்கிய 'மைன்கிராஃப்ட்' விளையாட்டைப் பாருங்கள். அதில் ஆடுவதே படைப்பதுதான். சதுரக் கட்டிகளை அடுக்கி வீடு கட்டலாம், கோட்டை கட்டலாம், கணக்குப் போடும் யந்திரமும் கட்டலாம். மொட் செய்தோரை அக்கொம்பனி துரத்தவில்லை, அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டது. விளையாடுபவர் ஒருவர் செய்த 'பிஸ்டன்' என்னும் தள்ளுபொறி 2011 இல் மூல விளையாட்டிலேயே சேர்க்கப்பட்டது. அன்றியும் கொம்பனி ஆண்டுதோறும் புதிய நிலங்களையும் உயிரினங்களையும் தானும் சேர்த்துவந்தது. 2014 இல் மைக்ரோசொப்ட் 250 கோடி டொலர் கொடுத்து அக்கொம்பனியை வாங்கிற்று. 2023 இல் விற்பனை 30 கோடி பிரதிகளைத் தாண்டியதாக அறிவிக்கப்பட்டது. ஊர் கூடித் தேரிழுத்தது. கொம்பனியும் வடத்திற் கைவைத்தது. அதனாலே தேர் நகர்ந்தது.

இதுகாறும் கொம்பனியின் பக்கத்தில் நின்று பேசினோம். இனித் தேரிழுப்போர் பக்கம் நின்று பேசுதல் நியாயம். ஏனெனில் இக்கூட்டத்தில் இருப்போருட் கொம்பனி முதலாளிகள் இல்லை. நாளைக்குப் படைப்போராகக்கூடிய வாலிபர் பலர் உளர்.

உழைப்பவனுக்குக் கூலி எவ்வளவு? 2015 ஏப்ரலில் வால்வும் பெதெஸ்டாவும் சேர்ந்து, 'ஸ்கைரிம்' என்னும் விளையாட்டுக்கு மொட் செய்தவர் அதனை விலைக்கு விற்கலாம் என்று அறிவித்தன. கேட்க இனிமையான செய்திதான். ஆனால் விலையில் நாலில் ஒரு பங்கே செய்தவனுக்கு. முக்காற்பங்கு இரு கொம்பனிகளுக்கும். பங்கீட்டின்மேல் குறைகூறினோர் சிலர். அதுவரை இலவசமாகக் கொடுத்து வாங்கிய நட்புறவு கெடும் என்றோர் சிலர். ஒருவர் செய்ததை மற்றொருவர் எடுத்து விற்றுவிடுவார் என்று அஞ்சினோர் சிலர். எதிர்ப்பு மூண்டது. நான்கே நாளில் திட்டம் கைவிடப்பட்டு, கொடுத்த பணமும் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

2020 ஜனவரியில் பிளிசார்ட் 'வோர்கிராஃப்ட் 3' விளையாட்டைப் புதுப்பித்து வெளியிட்டது. அப்போது விதியொன்றும் உடன்வந்தது: இக்கருவியால் யார் எக்களத்தை அமைத்தாலும் அது பிளிசார்ட்டின் தனியுடைமையே. டோட்டாவை இழந்த புண் ஆறாததன் அடையாளம் இது என்று பலர் கருதினர். நாமும் அவ்வாறே கருதுகின்றோம். முன்பு உறங்கியதற்குப் பரிகாரமாகப் பின்பு விலங்கு பூட்டினால் நல்ல கைவினைஞன் எவன் அப்பட்டறைக்கு வருவான்?

ரோப்லொக்ஸ் என்னும் கொம்பனியின் நிலை இன்னும் சிந்திக்கத்தக்கது. 2006 இல் தொடங்கப்பட்ட அதில், ஆடப்படும் விளையாட்டுகள் பெரும்பாலும் ஆடுவோரே ஆக்கியவை. கொம்பனி களத்தையும் கருவியையும் பணமாற்று வசதியையும் கொடுக்கிறது. 2023 இல் அது படைப்போருக்குச் சுமார் 74 கோடி டொலர் கொடுத்தது. அவ்வாண்டு வருமானம் சுமார் 280 கோடி டொலர். கொம்பனிக்கு அவ்வாண்டில் இலாபம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுதல் நேர்மை. எனினும் அங்கே படைப்போருட் சிறுவர் பலர். பெருந்தொகை பெறுவோர் சிலரே. பலரது உழைப்பு விளையாட்டென்னும் பெயரில் ஊதியமின்றிக் கழிகிறது என்ற குற்றச்சாட்டும், சிறுவரின் பாதுகாப்புப் பற்றிய கவலையும் பலமாக எழுந்துள்ளன. ஒரு பிள்ளை விருப்பத்தால் மணலில் வீடு கட்டுவது விளையாட்டு. அவ்வீட்டை மற்றொருவர் வாடகைக்கு விட்டாற் பிள்ளைக்கும் அதிற் பங்கு உண்டு. இந்நியாயத்தை எந்தச் சட்டநூலும் படியாமலே நம் பாட்டிமார் சொல்லிவிடுவர்.

ஆகவே நாம் தொடக்கத்திற் கேட்ட கேள்விகளுக்கு விடை கூறலாம். கருவி கொடுப்பது தருமமன்று, நல்ல வியாபாரம். நல்ல வியாபாரமாதலின் இழிவுமன்று. இரு பகுதியாரும் பயனடையும் வகையிற் செய்யக்கூடியது. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. கொடுத்தவன் விழித்திருத்தல் வேண்டும். தானும் புதியன செய்தல் வேண்டும். செய்தவனுக்கு நியாயமான பெயரும் பங்கும் கொடுத்தல் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஆடுவோர் வேறு களரிக்குப் போய்விடுவர். போவதற்கு இன்று களரிகளுக்குக் குறைவில்லை.

இறுதியாக, இச்செய்தியால் எமக்கு ஆவதென்ன என்பதைச் சுருக்கிச் சொல்லி அமர்வோம்.

நண்பர்களே! நம்மிற் பலர் மணிக்கணக்காக விளையாடுகின்றோம். பிறர் கட்டிய நகரங்களிற் பிறர் வகுத்த விதிப்படி, பிறர் மொழியில் ஓடித் திரிகின்றோம். பிரெண்டன் கிரீனும் ஒருகாலத்தில் அப்படித்தான் ஓடித் திரிந்தார், ஆனால் ஒருநாள் ஓட்டத்தை நிறுத்தி, "இவ்விதியை இப்படி மாற்றினால் என்ன?" என்று கேட்டார். அக்கேள்விக்குப் பணம் வேண்டியதில்லை. பிளெண்டர், கோடொட் முதலிய கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வேண்டியது பொறுமையும் கூட்டுழைப்பும். பிற நாடுகளில் விளையாட்டுகளைத் தத்தம் மொழிக்குப் பெயர்த்து அமைப்போரும் விளையாடுவோரே. தமிழ் எழுத்தைத் திரையில் ஒழுங்காகக் காட்டும் ஒரு சிறு மொட், நம் வயல்வெளியையும் பனங்கூடலையும் கடற்கரையையும் காட்டும் ஒரு சிறு களம், இவை நம்மால் இயலாதவையல்ல. சங்கத்தில் ஐந்துபேர் சேர்ந்தால் அடுத்த ஆண்டு விழாவுக்கு முன்னர் ஒன்றைச் செய்து காட்டலாம்.

அவ்வாறு செய்யும்போது ஒன்றை மறவாதிருப்போம். கருவியைத் திறக்குமுன் திரையில் வரும் நீண்ட ஒப்பந்தத்தை நாம் ஒருவரும் படிப்பதில்லை. "சம்மதம்" என்று அமுக்கிவிடுகின்றோம். காணி எழுதும்போது உறுதியைப் படியாமற் கையெழுத்திடுவோமா? நம் கையால் ஆக்கப்போவது யாருக்குச் சொந்தம், விற்றால் எவருக்கு எவ்வளவு என்பதை அறிந்தே அமுக்குவோம். இலவசமாகக் கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுப்போம். அறியாமையாற் பறிகொடுக்க வேண்டாம்.

பெரியோர்களே! உங்களிடமும் ஒரு விண்ணப்பம். வீட்டில் ஒரு பிள்ளை திரைமுன் இருக்கக் கண்டால், "எவ்வளவு நேரம்?" என்று கேட்பது உங்கள் கடமை, கேளுங்கள். அதனோடு "நீ ஆடுகிறாயா, ஆக்குகிறாயா?" என்றும் ஒருமுறை கேளுங்கள். ஆக்குகிறேன் என்று பிள்ளை சொன்னால் பக்கத்திற் கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்து, அதனைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அப்பிள்ளைக்கு அதனினும் பெரிய ஊக்கம் வேறில்லை.